கைக்குத் தெரிந்த சொரசொரப்பு

பென் டேப்லட்டில் வரைகிறவர் யாராக இருந்தாலும், அதைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு மினுக்கம் தெரியும். ஓரங்கள் வாங்கிய நாளில் இருந்தபடியே மங்கிக் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். கை அதிகம் புழங்கிய இடம் அது. உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறல்கள். வைத்துக்கொண்ட கோடுகளைவிட அழித்த கோடுகளே அதில் அதிகம். கணினியில் 'அன்டூ' கொடுத்தால் கோடு போய்விடுகிறது. பிளாஸ்டிக் தாள் எதையும் மறப்பதில்லை. சரியாக அமையாத ஒரு மூக்கின் வளைவு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ஒரு மாட்டுக் கொம்பு, எல்லாம் அங்கே பதிந்திருக்கும்.

இந்த மினுக்கம் வந்துவிட்டால் பேனா வழுக்கத் தொடங்கும். கோடு நினைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போய் நிற்கும். இத்தனை நாளும் கணினியில் வரைவதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, தான் வரைந்தது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் என்பது அப்போதுதான் உறைக்கும்.

மாற்றுத் தாள் இல்லாமல் இல்லை. வாகாம் நிறுவனத்தின் இன்டுவோஸ் புரோ வகைக்கு வழவழப்பானது, நடுத்தரமானது, சொரசொரப்பானது என மூன்று விதத் தாள்களை அந்த நிறுவனமே விற்றது. பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் நான் கேட்ட கடைகளில், அப்படி ஒன்று தனியாக விற்கப்படுகிறது என்பதே கடைக்காரர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. வெளியிலிருந்து வரவழைக்கலாம்தான். ஒரு பிளாஸ்டிக் தாளுக்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும். என் பலகை எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவையில்லை. எல்லாப் பலகையும் ஒரே இடத்தில்தான் தேய்கிறது.

வேறு எதையாவது எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்ற தைரியம் வருவதற்குக் காரணம் இந்தக் கருவி வேலை செய்யும் விதம். பலகைக்கு அடியில் செப்புக் கம்பிச் சுற்றுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அந்தப் புலத்திலிருந்தே ஆற்றலை வாங்கி, பலகைக்குத் திருப்பிக் குரல் கொடுக்கின்றன. அதனால்தான் இவ்வகைப் பேனாவுக்குப் பேட்டரி கிடையாது. எந்தச் சுற்றில் அந்தக் குரல் வலுவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டுப் பேனா இருக்கும் இடத்தைப் பலகை தெரிந்துகொள்கிறது. நிப்பை அழுத்தினால் அலைவரிசை சற்று மாறும். அதிலிருந்து அழுத்தம் தெரிகிறது. நிப் சில மில்லிமீட்டர் உயரத்தில் நின்றாலும் இந்த உரையாடல் நடக்கும். இடையில் காகிதம் இருந்தாலும் துணி இருந்தாலும் காந்தப்புலத்துக்கு ஒரு பொருட்டில்லை. உலோகத் தகடு மட்டும் ஆகாது. 2017-இல் வாகாம் கொண்டுவந்த ஒரு பதிப்பு இதையே வசதியாக்கிக் கொடுத்தது. பலகையின் மேல் நிஜக் காகிதத்தைச் செருகி மைப் பேனாவால் வரையலாம். காகிதத்திலும் படம் விழும், கணினிக்கும் போய்ச் சேரும்.

ஆக, பலகைக்கு மேல் ஒட்டியிருக்கும் தாள் இயந்திரத்துக்கு வேண்டியதே இல்லை. அது முழுக்க முழுக்கக் கைக்காக அங்கே இருக்கிறது. திரை இல்லாத பலகையில் வரையும்போது கண் நிமிர்ந்து கணினித் திரையைப் பார்க்கிறது. கை கீழே தனியாக வேலை செய்கிறது. எவ்வளவு வேகமாகப் போகிறோம், எங்கே திரும்பினோம் என்பதெல்லாம் விரல் வழியாகத்தான் கைக்குத் தெரிய வேண்டும். தாள் நிப்பைப் பிடித்துப் பிடித்து விடுகிற அந்தச் சின்ன அதிர்வுதான் செய்தி. காதுக்கும் இதில் பங்கு உண்டு. நல்ல தாளில் நிப் ஒரு மெல்லிய சரசரப்பை எழுப்பும். அது நின்றுபோனால் கோடு போகிறதா இல்லையா என்ற சந்தேகம் கைக்கு வந்துவிடுகிறது.

மனோகர் தேவதாஸின் மைக்கோட்டு ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1936-இல் பிறந்து மதுரையில் வளர்ந்து, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். சென்னையில் வாழ்ந்து 2022 டிசம்பரில் மறைந்தார். விழித்திரை நோய் அவருடைய பார்வைப் புலத்தை ஆண்டுக்கு ஆண்டு குறுக்கிக்கொண்டே வந்தது. அந்த ஆண்டுகளில்தான் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் வயல்வெளிகளையும் மயிரிழைக் கோடுகளால் வரைந்து தள்ளினார். 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்ற புத்தகமாக அவை 2007-இல் வந்தன. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த கோடு, அதே இடைவெளியில், அதே கனத்தில், நூற்றுக்கணக்கில். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் அள்ள முடியாத ஒருவர் இந்த ஒழுங்கை எதைக்கொண்டு காத்தார் என்று யோசித்தால், காகிதத்தின் மேல் பேனா முனை நகர்வதைக் கண்ணுக்குச் சமமாகக் கையும் கவனித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிச் சொன்னார் என்பதில்லை. படங்கள் எனக்கு அப்படிச் சொல்கின்றன.

நிப்பின் கதைக்கு வருகிறேன். பெரும்பாலான டேப்லட் பேனாக்களின் நிப் பாலிஅசெட்டால் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. ஜிப்பிலும் சின்னச் சின்னப் பல்சக்கரங்களிலும் பயன்படும் அதே பொருள். உராய்வு மிகக் குறைவு என்பதற்காகவே தொழிற்சாலைகள் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. முதலில் வழுக்கக்கூடிய பிளாஸ்டிக்காகப் பார்த்து நிப் செய்வார்கள். பிறகு அது வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான தாள் செய்வார்கள். இரண்டுக்கும் நாம் தனித்தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். வேடிக்கைதான், ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பொருள் உரசினால் ஒன்று தேய்ந்தே ஆகவேண்டும். சொரசொரப்புக் கூடினால் நிப் தேயும். பேனாவைச் சாய்த்தே பிடிப்பதால் நிப் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்து, உளி முனைபோல் ஒரு விளிம்பு உண்டாகும். அந்த விளிம்பு திரும்பத் தாளைக் கீறத் தொடங்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்தே அழியும்.

இது டிஜிட்டல் காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். கட்டட வரைபடக்காரர்கள் கையால் வரைந்த காலத்தில் டிரேசிங் காகிதத்துக்குப் பதிலாகப் பாலியஸ்டர் ஃபிலிம் வந்தது. கிழியாது, சுருங்காது. மை பிடிப்பதற்காக அதன்மேல் நுண்ணிய கனிமத் துகள்கள் கலந்த ஒரு மங்கல் பூச்சு கொடுத்திருந்தார்கள். அந்தப் பூச்சு எஃகு முனைப் பேனாக்களைத் தின்று தீர்த்தது. அதற்காகவே டங்ஸ்டன் கார்பைடு முனையும் ரத்தின முனையும் வைத்த பேனாக்களைச் செய்தார்கள். எஃகுக்கே அந்தக் கதி என்றால் பிளாஸ்டிக் நிப் எம்மாத்திரம்?

எனவே தேடலில் இறங்குமுன் எதைத் தேய விடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் தாளைத் தேய விடுகிறவன். நிப்புக்கு ஊரில் மாற்று கிடையாது. களை வெட்டும் எந்திரத்துக்கான நைலான் நரம்பை வெட்டிச் செருகிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பேனாவின் வாய்க்குப் பொருந்தாமல் உள்ளே சிக்கிக்கொண்டால் பேனாவே போய்விடும். தாள் அப்படியில்லை. தாள் தேடுகிறவனுக்கு மதுரை நல்ல ஊர்.

முதலில் எல்லோரும் போவது காகிதத்துக்கு. சார்ட் பேப்பரை வெட்டிப் பலகையின் மேல் வைத்தால் முதல் நாள் அருமையாக இருக்கும். பென்சில் பிடித்த ஞாபகம் அப்படியே திரும்பி வரும். ஆனால் இது மதுரை. சித்திரை வைகாசியில் மணிக்கட்டு வியர்த்து, காகிதம் ஈரம் குடித்து மேடு பள்ளமாக எழும். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டும். நிப்புக்கு அடியில் இழை பிரிந்து பஞ்சு வரும். விளம்பரங்களில் 'காகிதத்தில் வரைவது போலவே' என்று போடுகிறவர்கள் எந்த ஊரின் எந்த மாதத்துக் காகிதத்தைச் சொல்கிறார்களோ தெரியவில்லை.

வெயில் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறது. வரையும்போது பலகையில் உரசுவது நிப் மட்டுமில்லை. சுண்டுவிரலின் ஓரமும் உள்ளங்கையின் அடியும் கூடவே உரசுகின்றன. நிப்புக்குப் பிடிப்பு வேண்டும், உள்ளங்கைக்கு வழுக்கல் வேண்டும். ஒரே பரப்பு இரண்டையும் தர வேண்டும் என்பதுதான் சிக்கலே. குளிர்ந்த நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் நிப்பைப் பற்றியே பேசும். நம் ஊரில் பாதிப் பிரச்சினை உள்ளங்கையுடையது. இரண்டு விரலை மட்டும் மூடுகிற கையுறை விற்கிறார்கள். பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டிப் போட்டுக்கொண்டாலும் அதே வேலைதான்.

பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய மீனாட்சி பஜாரில் கைபேசிக்கு மேட் ஷீட் ஒட்டுகிறார்கள். எந்த அளவு சொன்னாலும் மெஷினில் வெட்டித் தருவார்கள். ஹைட்ரோஜெல் என்கிறார்கள், கீறல் விழுந்தாலும் தானே சேர்ந்துகொள்ளும் என்பது அதன் பெருமை. கைபேசிக்குச் சரி. நிப்புக்கு அது மெத்தென்று இருக்கிறது. பேனா லேசாக அமிழ்ந்து, இழுக்க இழுக்கப் பின்னால் பிடித்துக்கொள்கிறது. அதில் விரைவான கோடு வராது. ஃப்ளெக்ஸ் துணுக்கும் அப்படியே. ஓஎச்பி ஷீட்டின் வழவழப்பான பக்கம் எதற்கும் உதவாது. இங்க்ஜெட் அச்சுக்கென்று பூச்சு கொடுத்த வகையில் பூச்சுப் பக்கம் நன்றாக இருக்கும். வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். ஸ்டேஷனரிக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ஃபைல்களில் ஒரு பக்கம் பொடிப் புள்ளியாகச் சொரசொரத்திருக்கும் வகை உண்டு. அதன் அட்டையை வெட்டினால் ஏறத்தாழ ஒரு டேப்லட் அளவுக்கு வரும். மாணவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பனையோலையைப் பரப்பிப் பாருங்களேன் என்று யோசனை சொன்ன நண்பரும் உண்டு. அவர் ஒரு கவிஞர்.

எனக்குச் சரிப்பட்டது வேறு. புத்தக அட்டைக்குப் போடுகிற மேட் லேமினேஷன். இன்றைக்குச் சிறு பதிப்பகங்களிலிருந்து வரும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றின் அட்டையில் இருக்கும் அதே மங்கல் படலம். ஐவரி அட்டையின் இரண்டு பக்கமும் அதை ஒட்டி வாங்கினால் விறைப்பும் இருக்கும், வியர்வையும் ஏறாது. கேட்டதற்கு லேமினேஷன் கடைப் பையன் முதலில் விழித்தான்.

"வெறும் அட்டையிலயாண்ணே? டிசைன் ஒண்ணும் இல்லையா?"

"டிசைன் அதுமேலதான்பா வரப்போகுது."

"ஒரு பக்கம் மட்டும் போட்டா சுருண்டுக்குமே."

"ரெண்டு பக்கமும் போடு."

"அப்பக் கிளாஸும் ஒரு பக்கம் போட்டுத் தரட்டா? திருப்பித் திருப்பி வச்சுக்கலாம்ல."

கெட்டிக்காரன். ஒரு பக்கம் மேட், மறுபக்கம் கிளாஸ் போட்டால் சுருளுவது நிற்குமா என்று அவனுக்கே ஆர்வமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லி மேட்டிலேயே போட்டு வாங்கினேன். அந்தப் படலம் ரொம்ப நாள் உழைக்காது; மேட் அட்டைப் புத்தகத்தைப் பையில் வைத்து அலைந்தவர்களுக்கு அதில் எவ்வளவு சீக்கிரம் பளபளப்புக் கோடுகள் விழும் என்பது தெரியும். போகட்டும். ஒரு தாளுக்கு ஆகும் செலவில் இரண்டு டீதான் குடிக்கலாம். இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட குறுகுறுப்பும் உண்டு. நான் வரைவதில் பாதி புத்தக அட்டைகள். என்றைக்கோ அச்சாகி, சிவகாசியிலோ சென்னையிலோ எந்தப் படலம் அந்தப் படத்தின் மேல் ஒட்டப்படப் போகிறதோ, அதே படலத்தின் மேல்தான் அந்தப் படத்தை வரைகிறேன்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு எனக்கு எழும் சந்தேகம், இந்தத் தேடலுக்குக் காகிதம் என்று பெயர் வைத்தது சரிதானா என்பது. காகிதம் என்று ஒன்று கிடையாது. ஜெராக்ஸ் தாள் வேறு, ஐவரி வேறு, வாட்டர் கலர் தாள் வேறு. தேடுகிறவர் ஒவ்வொருவரும் தன் கை எந்தப் பரப்பில் பழகியதோ அந்தப் பரப்பைத்தான் கேட்கிறார். அதைக் காகிதம் என்கிறார்.

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடைக்குப் போனால் ஆனைமலை நிற்கிறது. மலைமேல் சமணர் படுக்கைகள் உள்ள குகையில் தமிழி எழுத்து இருக்கிறது. நேர்க்கோடுகளும் முனைகளுமாக நிற்கும் எழுத்து. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி அந்தக் குடைவரையை எடுப்பித்ததைச் சொல்வது. தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் இருக்கிறது. எல்லாம் வளைவு. ஒரே மலை, ஒரே கல், அதே உளி. இடையில் பல நூற்றாண்டுகள் ஓலை வந்துபோயிருக்கிறது. ஓலையில் நார் நீளவாக்கில் ஓடும். நாரின் திசையிலேயே நேர்க்கோடு கீறினால் ஓலை பிளக்கும். புள்ளி குத்தினால் பொத்துக்கொள்ளும். அதனால்தான் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியை வலக்கை பிடிக்க, இடக்கைக் கட்டைவிரல் அதைத் தாங்க, ஓலையைத்தான் மெல்ல நகர்த்துவார்கள். அந்தப் பழக்கத்தில் எழுத்து உருண்டது என்பது எழுத்தியல் அறிஞர்கள் பலரும் சொல்கிற விளக்கம்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. 770-இல் அந்தக் குடைவரைச் சுவரின் முன் நின்றவனுக்கு உருட்ட வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. கல் நார்வழியாகப் பிளக்காது. உளிக்கு வளைவைவிட நேர்க்கோடுதான் சுலபம். இருந்தும் கஷ்டப்பட்டு வளைத்து வெட்டியிருக்கிறான். அவனுக்கு எழுத்து என்றால் அதுதான். ஓலையில் பழகிய கைகள் உருட்டிவைத்த எழுத்து, ஓலையே இல்லாத இடத்திலும் உருண்டபடியே வந்திருக்கிறது. சோழர் ஆட்சி பாண்டி நாட்டுக்குள் வந்து வேறு எழுத்தைக் கொண்டுவரும்வரை இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம் அப்படித்தான் வட்டமாகப் பேசியது.

மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது, தமிழில் கணினியை ஓவியக் கருவியாகக் கையிலெடுத்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய டிஜிட்டல் படங்களில் ஓடும் கோட்டைப் பாருங்கள். கனத்துத் தொடங்கி, வேகத்தில் மெலிந்து, சடாரென்று முறியும். தூரிகையும் மையும் பழக்கிய கோடு அது. பிளாஸ்டிக்கின் மேல் போட்டதா காகிதத்தின் மேல் போட்டதா என்று அச்சில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கை தன் பழைய பரப்பைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அப்படியென்றால் தாளைத் தேடி அலைவது எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மருது போன்றவர்களுக்கு ஒருவேளை தேவைப்படாமலிருக்கலாம். நமக்கெல்லாம் கைக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

செல்லூர்ப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். பழைய சுவர் எழுத்துக்காரர். கட்சிச் சின்னமும் சினிமா விளம்பரமும் எழுதி வளர்ந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கணினிக்கு வந்தார். காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் மதுரையில் பேனர் உண்டல்லவா, நாள் முழுக்க மாமன்மார்களின் முகங்களைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பதுதான் வேலை. கோடு தப்பினால் யாருடைய மீசையோ போய்விடும். அவர் மாற்றுத் தாள் எதையும் தேடியதில்லை. தாள் வழவழத்துப் போனதும் பெயின்ட் கடையில் நைஸ் வாட்டர் பேப்பர் வாங்கி, நனைத்து, தாளை வட்ட வட்டமாகத் தேய்த்துவிட்டார். ஒரே திசையில் தேய்க்கக் கூடாது. கீறல்கள் ஒரு பக்கமாக ஓடினால் நிப் அதற்குள் இறங்கி ஓடும். வட்டமாகத் தேய்த்தால் எந்தத் திசைக்கும் பொதுவாக ஒரு மங்கல் வரும்.

"சுவரு வழுக்குனா பிரஷ்ஷு நம்ம பேச்சக் கேக்காதுண்ணே. மொதல்ல சுவர ரெடி பண்ணணும். அப்பறந்தான் எழுத்து" என்றார்.

தொழிலில் ஊறிய ஆளுக்குப் பரப்பு என்பது கடையில் வாங்கும் சாமானாகப் படவில்லை. அது வேலையின் முதல் பாதி. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆந்திரத்து மார்க்காப்பூரில் வெட்டிய கல் சிலேட்டு, எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வழுவழுத்துக் குச்சி பிடிக்காமல் போகும். வேலியில் கோவையிலையைப் பறித்துக் கரித்துண்டோடு சேர்த்துத் தேய்த்துக் காயவைத்தால் மறுபடியும் கறுத்துச் சொரசொரத்து எழுதுவதற்குத் தயாராகும். வகுப்புக் கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசுவது வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்து வேலை. பரப்பைச் செப்பனிடுவது பாடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பிறகு தகரச் சிலேட்டு வந்தது, அது வழுக்கினால் தூக்கிப்போட்டோம்.

வாட்டர் பேப்பர் வைத்தியத்தை நானும் மேட் அட்டையில் செய்துபார்த்தேன். படலம் மெல்லியது, தாங்காது. கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டைக்கு அது நன்றாக எடுபடும்.

உராய்வு இல்லாமல் கோடு இல்லை என்று இதுவரை பேசிவந்ததற்கு வாசலிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கோலம் போடும் கை தரையைத் தொடுவதே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மாவு விழுகிறது. தரைக்கு ஓரங்குல உயரத்தில் கை காற்றில் போகிறது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே தப்பாமல் வந்து சேர்கிறது. அந்தக் கைக்கு எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? மாவிலிருந்து. விரலிடுக்கில் பொடி உருண்டு நழுவும் வேகம்தான் அங்கே கடிவாளம். கோலப்பொடி நறநறவென்று இருக்க வேண்டும் என்று பெண்கள் பார்த்து வாங்குவது அதற்காக. ரொம்ப நைசாக இருந்தால் குபுக்கென்று கொட்டிவிடும். தரைக்குத் தொடுதல் வேண்டாம் என்றாலும் பிடிப்பு வேண்டும். சாணம் தெளித்த மண்வாசலில் உட்காரும் பொடி டைல்ஸ் வாசலில் காற்றுக்கு ஓடிவிடுகிறது.

கணினியிலும் எதிர்ப்பைத் தாளுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வழி கண்டிருக்கிறார்கள். கிரிட்டா மென்பொருளில் ஸ்டெபிலைசர், புரொகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன் என்று அதற்குப் பெயர். கை போகும் பாதையைக் கோடு உடனே பின்தொடராது; சற்றுப் பின்தங்கி, நடுக்கங்களைச் சராசரி பார்த்து, வழித்துக்கொண்டு வரும். கண்ணாடியின் மேல் வழுக்குகிற பேனாவுக்கு இது ஒரு பாரத்தைக் கட்டிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் இல்லாத உராய்வைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். தாள் தேய்வதில்லை, நிப்பும் தேய்வதில்லை. செலவும் இல்லை.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கைபேசிக் கண்ணாடியில் விரலால் வரைந்து பழகியவள்; பென்சிலைப் பரீட்சைக்கு மட்டும் தொட்டவள். அவளுடைய கோடு நீளமாக, தயக்கமில்லாமல், ஒரே கனத்தில் போகும். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. உயிரில்லை என்று நினைத்தேன். பிறகு அவள் வரைந்த மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தைப் பார்த்தேன். கூட்டமும் பைகளும் பூக்கூடைகளும் ஒரே ஓட்டத்தில் வளைந்து வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பி. என் கைக்கு அது வராது. நான் பிடித்துப் பிடித்து நகர்கிறவன். எனக்கு ஒவ்வொரு அங்குலத்திலும் தாள் பதில் சொல்ல வேண்டும். அவளை என் பலகையில் உட்காரவைத்தபோது மேட் அட்டையைத் தடவிப் பார்த்து, "என்ன சித்தப்பா, பல்லுக் கூசுது" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளிடம் காகிதத்தின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை, சொல்லவும் மாட்டேன். அவளுக்குப் பழகிய பரப்பு கண்ணாடி. நாளைக்குக் கண்ணாடி போய் வேறொன்று வந்தால் கண்ணாடி மாதிரி இல்லையே என்று தேடப்போகிறவள் அவள்தான். திரையிலேயே நேராக வரைகிற பலகை ஒன்று வாங்கலாமா என்று இப்போது இரண்டு பேரும் சேர்ந்து விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதில் அட்டையெல்லாம் போட முடியாது. ஒளி ஊடுருவுகிற ஃபிலிம்தான் ஒட்ட வேண்டும். மேட் ஃபிலிம் ஒட்டினால் வெள்ளைப் பரப்பில் பொடிப்பொடியாக நிறச் சிதறல் தெரியும், கூர்மை குறையும். ஒட்டாமல் விட்டால் எனக்கு வழுக்கும். பாதித் திரைக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறாள் அவள். வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் அவளுக்கு. அவள் இடக்கைக்காரி என்பதால் இது நடக்கக்கூடிய காரியம்தான் என்றே நினைக்கிறேன்.